சின்னத்திரைக்குப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்து ஜமாவில் (கூத்துக் குழுவில்) 12 வருடமாகக் கட்டியக்காரன், அதாவது சிரிக்க வைக்கும் கோமாளி வேஷம் கட்டுகிறேன். யாரோ செல்போனில் எடுத்துப் போட்ட துண்டு ஒன்று எங்கெங்கோ சுற்றி, இப்போது தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள். முகம் ஊருக்கெல்லாம் தெரியும், கடனும் அடையும். ஆனால் படப்பிடிப்பு பங்குனியில் தொடங்குகிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பதும் பங்குனி முதல் ஆடி வரைதான்.

அவர்கள் கேட்பது நாலு நிமிடச் சிரிப்பு. இங்கே இரவு பத்து மணிக்கு மேல் முகவீணைக் குழலை எடுத்து ஊதினால் விடியும்வரை மேடை நம்முடையது. சற்றுமுன் என் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்த பாட்டியே, துகில் உரியும் கட்டத்தில் கண்ணைத் துடைப்பார். அதற்காகத்தான் தூக்கம் கெட்டு ஆடுகிறேன். வாத்தியார் "உன் இஷ்டம்டா" என்கிறார். அந்தக் குரலே சரியில்லை.

இப்படிப் போய்விட்டு மறுபடி ஜமாவுக்கு வந்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், ஒப்பந்தத்தில் ஓராண்டுக்கு வேறு மேடை ஏறக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. கோயில் கூத்துக்கு மட்டும் விலக்குக் கேட்டால் தருவார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.