மறு: ‘பேஷண்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனையில் தமக்கு என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதை நோயாளரின் பக்கமிருந்து குறிக்கும் ‘பேஷண்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். ‘நோயாளர் அனுபவம்’ என்றே விட்டுவிடலாம், எல்லாருக்கும் புரிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. அதை நேரில் பார்த்ததால்தான் இந்த மடல்.

மருத்துவமனைகள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முன்பதிவு, நினைவூட்டல், பரிசோதனை முடிவு, கடைசியில் வீட்டுக்குப் புறப்படும்போது நிரப்பும் கருத்துப் படிவம் என்று நீளும் வேலை. படிவத்தின் முதல் கேள்வியை நானும் ‘உங்கள் நோயாளர் அனுபவம் எப்படி இருந்தது?’ என்றுதான் எழுதியிருந்தேன். சோதனைக்காக ஒரு மூத்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “எனக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகுது” என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம் பேசினார். கால் மரத்துப்போனது, கண் மங்கியது, தூக்கம் கெட்டது எல்லாம் வந்தது. அன்று அந்த மருத்துவமனையில் நடந்தது எதுவும் வரவில்லை.

சரி என்று கேள்வியை மாற்றிப் பார்த்தேன். “இன்னைக்கு இங்கே உங்களை எப்படிக் கவனிச்சாங்க, அம்மா?” உடனே சொல்லிவிட்டார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது காதில் விழவில்லை, எழுந்து போவதற்குள் அடுத்தவரை உள்ளே விட்டுவிட்டார்கள். மருத்துவர் கணினியைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். ஊசி போட்ட செவிலியர் மட்டும் “வலிக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று முன்கூட்டியே சொன்னார். மாத்திரை அட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, “இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு யாரும் சொல்லலை” என்றார். நமக்கு வேண்டிய நான்கு செய்திகளும் அரை நிமிடத்தில் வந்துவிட்டன.

அந்த அம்மா தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நோயாளரின் அனுபவம் என்றால் தமிழில் நோயைப் பற்றிய அனுபவம்தான். போதாததற்கு, மருத்துவமனைச் சூழலில் ‘அனுபவம்’ என்ற சொல் ஏற்கெனவே மருத்துவருக்குப் போய்விட்டது. ‘இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்’ என்று வாசலில் பலகையே வைக்கிறார்கள்.

அடுத்து, ஒருவர் எழுதியது:

> நோயாளர் நிறைவு, நோயாளர் திருப்தி என்று சொன்னால் பொருள் வந்துவிடுமே?

இதை நான் ஏற்கமாட்டேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் திருப்தியையும் அனுபவத்தையும் பிரிக்க நிறையப் பாடுபட்டிருக்கிறார்கள். திருப்தி என்பது எதிர்பார்ப்பைப் பொறுத்தது. எதையும் எதிர்பார்க்காமல் வந்தவர் மோசமான கவனிப்புக்கும் ‘திருப்தி’ என்று எழுதிவிட்டுப் போவார். இவர்கள் கேட்க விரும்புவது என்ன நடந்தது என்பதை. அமெரிக்காவில் மருத்துவமனையில் தங்கிச் சென்றவர்களிடம் 2006 முதல் நடத்தும் எச்காப்ஸ் என்ற கருத்தாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 முதல் அதன் முடிவுகளை மருத்துவமனை வாரியாகப் பொதுமக்களே பார்க்கலாம். செவிலியர்கள் நீங்கள் சொன்னதை எத்தனை முறை கவனமாகக் கேட்டார்கள், புது மருந்து கொடுக்கும் முன் அது எதற்கென்று எத்தனை முறை சொன்னார்கள் என்று அதில் கேட்கிறார்கள். விடைகள்: ஒருபோதும் இல்லை, சில நேரம், பெரும்பாலும், எப்போதும். பிடித்ததா என்பதற்கு அந்தக் கேள்விகளில் இடமே இல்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 2013-இல் தொடங்கிய படிவம், ‘எங்களை உங்கள் நண்பருக்கும் குடும்பத்தாருக்கும் பரிந்துரைப்பீர்களா?’ என்று கேட்டது. 2020-இல் அதை மாற்றி, எங்கள் சேவை உங்களுக்கு எப்படி அமைந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இன்னும் பழைய சான்று ஒன்று. 1984-இல் வெளிவந்த ஆய்வில் மருத்துவரைப் பார்க்க வந்த 74 பேரின் உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். வந்த குறையை முழுதாகச் சொல்லி முடிக்க முடிந்தது 17 பேருக்குத்தான். சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். பேச்சை முடிக்க விட்டார்களா என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய நிகழ்வு. நாம் தேடும் சொல் அதைப் பிடிக்க வேண்டும்.

மற்ற பரிந்துரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பட்டறிவு’ பட்டதனால் வந்த அறிவு. படிவத்துக்கு வேண்டியது பட்டது மட்டும். ‘துய்ப்பு’ என்றால் இன்பம் ஒட்டிக்கொள்கிறது, ஊசி போட்டுக்கொண்டவரிடம் அப்படிக் கேட்க மனம் வரவில்லை. ‘நோயாளர் பாடு’ என்பதைப் படித்ததும் முதலில் மகிழ்ந்தேன். ஆனால் ‘நான் பட்ட பாடு’ என்று தொடங்கினாலே குறை சொல்லப்போகிறார் என்று ஆகிவிடும், செவிலியரின் அந்த அன்பான சொல்லுக்கு அதில் இடமில்லை. ‘நேர்வு’, அதாவது நேர்ந்தது, நல்ல சொல், ஆனால் ‘நோயாளர் நேர்வு’ என்றால் மருத்துவர்கள் பேசும் ‘கேஸ்’ ஆகிவிடும்.

நோயாளருக்கு ‘உற்றவர்’, அதாவது நோய் உற்றவர், என்ற பரிந்துரைக்குத் தனியாக நன்றி. திருக்குறள் 950 மருந்தின் நான்கு கூறுகளில் உற்றவனைத்தான் முதலில் வைக்கிறது. தீர்ப்பான் (மருத்துவர்), மருந்து, உழைச்செல்வான் (அருகிலிருந்து கவனிப்பவர்) எல்லாம் அப்புறம்தான். இருந்தாலும் இன்று ‘உற்றார் உறவினர்’ காதில் முந்திக்கொள்வதால், படிவத்தில் போட்டால், உடன் வந்த மகள் கையெழுத்துப் போடுவாள்.

இனி என் பரிந்துரை. மக்கள் வாயில் இருக்கும் சொல் ‘கவனிப்பு’. “அங்கே கவனிப்பு எப்படி?”, “நல்லா கவனிச்சாங்க”, “கவனிப்பு சரியில்லை.” ஒரு மருத்துவமனையைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறோம். ஒரே சிக்கல், கவனிப்பு என்பது கொடுப்பவர் செய்கிற செயல். நமக்குப் பெறுபவர் பக்கம் வேண்டும். எனவே பெறுகவனிப்பு.

‘ஊறுகாய்’ போல இது வினைத்தொகை. பெற்ற, பெறுகின்ற, பெறும் கவனிப்பு மூன்றும் அதில் அடங்கும். இது அழகுக்காகச் சொல்வதல்ல. வருவதற்கு முன் தொலைபேசியை எடுத்தவர் பேசிய விதமும், உள்ளே நடந்ததும், வீட்டுக்குப் போனபின் பரிசோதனை முடிவைச் சொன்னார்களா என்பதும் சேர்ந்ததுதான் இந்தக் கருத்து. கடித உறையில் ‘பெறுநர்’ எழுதிப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவும் இருக்காது. ‘நோயாளர்’ என்ற ஒட்டும் தேவையில்லை. தடுப்பூசிக்கு வந்த குழந்தையும் பேறுகாலப் பெண்ணும் நோயாளர் இல்லையே. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: பெறுகவனிப்புப் படிவம், பெறுகவனிப்பு அலுவலர், ‘இந்த மாதம் பெறுகவனிப்பு மேம்பட்டிருக்கிறது.’

‘கவனி’ என்றால் பணம் கொடு என்றும் பொருள் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அது வினையாக, அதுவும் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது வரும் பொருள். ‘பெறு’ முன்னால் நின்று, படிவத்தின் தலைப்பில் வரும்போது அந்த நிழல் விழாது என்று நம்புகிறேன். காட்டிய ஐந்தாறு பேரில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மென்பொருளின் பெயரில் வரும் மற்றொரு தொடர், ‘நோயாளர் உறவு மேலாண்மை’. வணிகத்தில் வாடிக்கையாளருக்குச் சொன்னதை அப்படியே பெயர்த்தது. உறவை நாம் பேணுவோம், மேலாண்மை செய்வதில்லை. மேலும் இந்த மென்பொருள் செய்வது நினைவூட்டல் அனுப்புவதும், வராதவரை அழைப்பதும், புகாருக்குப் பதில் போனதா என்று பார்ப்பதும்தான். அதற்குத் ‘தொடர்பு பேணல்’ போதும். உறவு என்ற சொல்லை மருத்துவருக்கும் அவரை நம்பி வந்தவருக்கும் விட்டுவைப்போம்.

படிவத்தில் இப்போதைக்குத் தலைப்பில் ‘பெறுகவனிப்பு’ என்றும், முதல் கேள்வியாக ‘இங்கே உங்களை எப்படிக் கவனித்தார்கள்?’ என்றும் வைத்திருக்கிறேன். மறுப்பவர்கள் உங்கள் சொல்லை அந்த இரண்டு இடத்திலும் பொருத்தி, அந்த அம்மா வயதுள்ள ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் வெள்ளி வரை கோப்பை மூடாமல் வைத்திருப்பேன்.

அன்புடன்.