அரங்கேற்றத்தைத் தள்ளிப் போடலாமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவி):
நான் 14 வயதில்தான் பரதம் கற்கத் தொடங்கினேன். வகுப்பில் வர்ணத்தை (பரதக் கச்சேரியின் நீண்ட, முதன்மையான உருப்படி) பிழையின்றி ஆடினாலும், சிறு வயதிலிருந்தே ஆடி வருபவர்கள் எதிரே அமர்ந்துவிட்டால் அரைமண்டி (முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிற்கும் நிலை) தானாக உயர்ந்துவிடுகிறது, பார்வையும் தரைக்குப் போய்விடுகிறது. அரங்கேற்றத்தைத் தள்ளிப் போடலாமா?

மறுமொழி 1 (ஈரோடு, நடன ஆசிரியை):
அம்மணி, தாமதமாகத் தொடங்கியதைக் குறையாக எண்ண வேண்டாம். புகழ்பெற்ற பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 7 வயதிலேயே அரங்கேறினார் என்பது உண்மைதான். ஆனால் 1904-இல் பிறந்த, கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி பரதத்தை முதன்முதலாக மேடையில் ஆடியது 1935-இல். உங்கள் சிக்கல் வயதில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வர்ணத்தின் முதல் தீர்மானம் (தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதி) மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில், வருவதால், முதற்காலத்திலேயே பதறி மூச்சு வாங்கிவிட்டால் மூன்றாம் காலத்தில் முழங்கால் நிமிர்ந்துவிடும். ஆகவே அந்த ஒரு தீர்மானத்தை மட்டும், கண்ணாடி இல்லாமல், வீட்டார் இருவரை எதிரே அமர்த்தி, தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஒலியில் மனத்தை நிறுத்தி நாள்தோறும் ஆடுங்கள். பார்வையை அவர்கள் தலைக்குச் சற்று மேலே வையுங்கள்.

மறுமொழி 2 (காரமடை, வள்ளி கும்மி ஆடுபவர்):
2024-இல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மி என்ற நாட்டுப்புற நடனத்தைக் கற்றுத் தந்தவர். மேடையே ஏறியிராத எங்கள் ஊர்ப் பெண்கள் இன்று கோயில் திருவிழாக்களில் கூச்சமின்றி ஆடுகிறார்கள். நீங்களும் அரங்கேற்றத்துக்கு முன்பு உள்ளூர்க் கோயிலில் தொடக்க உருப்படிகளான அலாரிப்பையும் ஜதிஸ்வரத்தையும் மட்டும் ஆடிப் பாருங்கள், கண்ணு.

மறுமொழி 3 (பல்லடம்):
தேதியை மாற்றுவதென்றால், அதை உங்கள் குருவிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். உங்கள் ஆட்டத்தை நாள்தோறும் பார்ப்பவர் அவர்தான்.