மங்க்ஸ்: மறக்கப்பட்ட முன்னோடிகளா, ஊதிப் பெருக்கிய கதையா?

கரகரப்பு:
1966-ல் மேற்கு ஜெர்மனியில் பாலிடோர் ரிக்கார்டு கம்பெனி வெளியிட்ட, மங்க்ஸ் ராக் குழுவின் 'பிளாக் மங்க் டைம்' ஆல்பத்தைக் கேட்காதவர்கள் கேட்டுவிட்டு வாருங்கள். குழுவின் ஐந்து பேரும் அங்கே பணியில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள். ராணுவம் முடிந்தும் ஊர் திரும்பாமல் கிளப்களில் வாசித்தார்கள். கிறிஸ்தவத் துறவிகள் மாதிரி உச்சந்தலை மழிப்பு, கறுப்பு உடை, டைக்குப் பதில் கயிறு. வேஷத்தை விடுங்கள், கேரி பர்கரின் கிட்டாரைக் கேளுங்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலும், ஸ்பீக்கர் சத்தம் கிட்டாருக்கே திரும்பிப் போய் ஊளையிடும் ஃபீட்பேக்கும் சேர்ந்து என்ன அறுப்பு! கிட்டார் மேதை ஹெண்ட்ரிக்ஸின் முதல் ஆல்பம் அதற்கு அடுத்த வருடம்தான். இவர்களை மறந்தது அநியாயம்.

மெல்லிசைப்பித்தன்:
ஆரம்பித்துவிட்டீர்களா! மறந்தார்களா, கேட்டுப் பிடிக்காமல் விட்டார்களா? பெரிய கம்பெனி, 'பீட் கிளப்' டிவி நிகழ்ச்சி, வேஷம் வரை திட்டம் போட்டுக்கொடுத்த மேனேஜர்கள், எல்லாமே இருந்தது. ஃபஸ் ஒன்றும் இவர்கள் சொத்து இல்லை. மாஸ்ட்ரோ ஃபஸ் பெடல் 1962-லேயே கடைக்கு வந்துவிட்டது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' அதை உலகத்துக்கே கேட்க வைத்தது. ஃபீட்பேக்கா? பீட்டில்ஸின் 'ஐ ஃபீல் ஃபைன்' தொடங்குவதே அதில்தான், 1964-ல்.

கரகரப்பு:
அங்கே அது தாளிப்பு, இங்கே சோறே அதுதான். அப்புறம், அந்த ஆல்பம் அப்போது அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. முதல் பாட்டிலேயே வியட்நாமில் ஏன் கொல்கிறீர்கள் என்று முன்னாள் ராணுவத்தினர் கத்துகிறார்கள். சொந்த நாட்டுக்காரர்கள் கேட்காத ஒன்றை நிராகரித்தார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

தோல்கருவி:
இரண்டு பேரும் கிட்டாரை விட்டு நகரவே மாட்டேன் என்கிறீர்கள். நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். மங்க்ஸின் டிரம்மர் ரோஜர் ஜான்ஸ்டன் சிம்பல் என்ற உலோகத் தட்டுகள் பக்கம் அதிகம் போவதே இல்லை, டாம் என்ற தோல் டிரம்களிலேயே இடிக்கிறார். டேவ் டே ரிதம் கிட்டாரை ஓரம் கட்டிவிட்டு, மைக் வைத்த பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் அதே தாளத்தை வெட்டுகிறார். சிம்பல் சத்தம் எப்போதும் மேல் ஸ்தாயியை நிரப்பிவிடும். ஃபஸ் பெடல் சேர்க்கிற கூர்மையான ஓசையும் அதே இடத்தில்தான் வருகிறது. சிம்பலைக் குறைத்ததால் அந்த இடம் காலி. அதனால்தான் பர்கரின் கிட்டார் இவ்வளவு பச்சையாகக் கேட்கிறது. பெடல் எல்லாரிடமும் இருந்தது, இந்த ஏற்பாடு இல்லை.

மெல்லிசைப்பித்தன்:
சரி, அது நியாயமான பேச்சு. ஆனாலும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தினால் அது பாட்டா? 'ஐ ஹேட் யூ', 'ஷட் அப்' என்று தலைப்பு வைத்தால் கலகம் ஆகிவிடுமா? 1990-களில் பழைய ரிக்கார்டு தேடுகிறவர்கள் கிளப்பிய மோகம் இது.

கரகரப்பு:
அந்த 'ஐ ஹேட் யூ'வைத்தான் இங்கிலாந்தின் ஃபால் குழு 1990-ல் தன் ஆல்பத்தில் பாடியது. இசைக்காரர்கள் காதில் அது விழுந்திருக்கிறது. மோகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1999-ல் நியூயார்க்கில் மறுபடி மேடை ஏறும்வரை அது தாங்கியிருக்கிறதே?

மெல்லிசைப்பித்தன்:
உங்கள் கலகக்காரர்களே கடைசியில் பணிந்துவிட்டார்களே! 1967-ல் வந்த 'லவ் கேன் டேம் த வைல்ட்' சிங்கிளைக் கேளுங்கள். ஃபஸ்ஸும் இல்லை, கோபமும் இல்லை. ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது.

தோல்கருவி:
பித்தன் சார், அந்த மென்மையான சிங்கிளும் விற்கவில்லை. அதே வருடம் குழுவும் கலைந்துவிட்டது.