தாவரவியல் பூங்கா வகுப்புகள்: நம்ம செம்மண் பக்கம் கண்டவை

காரைக்குடி உறுப்பினர்:
பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் நாற்பது மரத்தின் பெயர்ப்பலகையை வாசிக்க வைத்தால், வாசல் தாண்டுமுன் அத்தனையும் மறந்துபோகும். ஒரே ஒரு விதையைக் கையில் கொடுங்கள், போதும். அதற்குச் சரக்கொன்றை ரொம்ப வாகு. முற்றிக் கறுத்த காயை உடைத்தால் உள்ளே காசு அடுக்கியது போல அறை அறையாகத் தடுப்பு. அறைக்கு ஒரு தட்டை விதை, புளி மாதிரிக் கறுப்புச் சதை ஒட்டிக்கொண்டு.

ஆளுக்கு 10 விதை. கழுவித் துடைத்து, ஐந்தை மட்டும் உப்புத்தாளில் ஓரமாகத் தேய்க்கச் சொல்லணும். பழுப்புத் தோல் போய் வெளிறியதும் நிறுத்திவிடணும். காயோடு ஒட்டியிருந்த முனையைத் தேய்த்தால் முளைக்கரு அடிபடும். பிள்ளைகள் செய்கிற தப்பு பெரும்பாலும் இதுதான். பத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் தேய்த்தது உப்பியிருக்கும், தேய்க்காதது கல் மாதிரிக் கிடக்கும். கெட்டித்தோல் தண்ணீரை உள்ளே விடாது என்று தனியாகப் பாடம் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் வகுப்பு இரண்டு நாளாக இருக்கணும். ஒருநாள் சுற்றுலாவில் இது நடக்காது.

பள்ளத்தூர் உறுப்பினர்:
வேம்பில் மட்டும் எடுத்துவைத்த விதையை வைத்து இந்த வகுப்பை நடத்திவிடாதீங்க. வேப்பங்கொட்டை நாள்பட்டால் உயிர் போயிடும். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போதே சதையைக் கழுவி, நிழலில் ஆறவிட்டு, இரண்டு வாரத்துக்குள் விதைக்கணும். பள்ளிக்கூடங்கள் ஐப்பசி மழைக்குத்தான் விதைப்பு வகுப்பு கேட்பாங்க. அப்போது டப்பாவில் கிடந்த கொட்டையைக் கொடுத்தால் முளைக்காது. பிள்ளை தன் கைராசி சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும், அதுதான் மனசுக்குக் கஷ்டம். மழைக்கால வகுப்புக்குக் கொன்றை, ஆவாரை போதும்.

தேவகோட்டை உறுப்பினர்:
பெரியவர்களுக்கு விண்பதியம்தான், அதாவது மரத்தில் இருக்கும்போதே கிளையில் வேர் விடவைத்து வெட்டி நடுவதுதான், மனசில் நிற்கிற வகுப்பு. எலுமிச்சை, கொய்யா, மாதுளை மூன்றும் வரும். பென்சில் தடிமன் கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுக்கணும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க. பட்டை போனதும் கட்டையில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். அதைக் கத்தி முதுகால் சுரண்டணும். விட்டுவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் இறங்காது. தொட்டுப் பார்த்தால் வழுக்கக் கூடாது, அதுதான் கணக்கு.

நனைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலிதீன் சுற்றி இரண்டு முனையையும் இறுகக் கட்டணும். பிழிந்தால் சொட்டாத ஈரம் போதும்; சொதசொதவென்று இருந்தால் அழுகும். நம்ம வெயிலுக்கு மேலே ஒரு சாக்குத் துண்டும் சுற்றுங்கள். சித்திரை, வைகாசியில் இந்த வகுப்பே வேண்டாம். ஆடிக்குப் பிறகு வைத்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் பாலிதீன் வழியே வேர் தெரியும். வெள்ளை வேர் கொஞ்சம் பழுப்பேறிய பிறகு வெட்டினால்தான் தொட்டியில் பிழைக்கும்.

புதுவயல் உறுப்பினர்:
உள்ளூர்ச் செடிக்கு முன்னுரிமை கொடுங்க. ஊட்டிப் பூங்கா 1848-இல் உருவானது, மலைக்குளிரில் வளர்கிறதை அங்கே பார்க்கலாம். இங்கே காட்ட வேண்டியது ஆவாரை, நொச்சி, காசான், வீரை.

எந்த வகுப்பானாலும் முதல் பத்து நிமிடம் விஷச்செடிக்கு. பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிற குன்றிமணியைக் கடிக்கவோ துளைபோடவோ விடக்கூடாது. தோல் உடைந்தால்தான் ஆபத்து. அரளி, ஊமத்தை எந்தப் பாகமும் வாய்க்குப் போகக்கூடாது. எருக்கம்பூ பறித்த கையால் கண்ணைக் கசக்கினால் பார்வைக்கே கேடு. எருக்கம்பால் கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கண்ணை விடாமல் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போகணும். பூங்காவில் குடிதண்ணீர் குழாய் இருந்தாலும், கைகழுவ ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் தனியே எடுத்துப்போங்க.