கணக்கெழுதப் போன இடத்தில்

1992-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு, திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். மில்லின் பெயர் வேண்டாம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, டெஸ்டிங் ரூமில் இருந்த அக்கா பிரசவத்துக்குப் போய்விட்டார். "டிகிரி படிச்ச புள்ளதானே, ரெண்டு மாசம் அங்க உக்காரு தாயி" என்றார் ஸ்பின்னிங் மாஸ்டர்.

அங்கே ராப் ரீல் என்று ஒரு சக்கரம். சுற்றளவு ஒன்றரை கஜம். நூலை 80 சுற்று சுற்றினால் 120 கஜம். அது ஒரு லீ. நூலின் மெல்லிசைக் குறிக்கிற எண்தான் நம்பர்; 40-ஆம் நம்பர் நூலென்றால் ஒரு லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். கூடினால் நூல் தடிப்பு, குறைந்தால் மெலிசு. நாள் முழுக்கச் சுற்றுவேன், நிறுப்பேன், பேரேட்டில் எழுதுவேன். ஷிஃப்ட் முடிந்ததும் சராசரி போட்டு மாஸ்டர் மேசையில் வைப்பேன்.

சராசரி எப்போதும் 40-ஐ ஒட்டியே வரும். ஆனாலும் ஆண்டிபட்டிப் பக்கத்துத் தறிக்காரர்களிடமிருந்து ஓயாத புகார், சேலையில் பட்டை பட்டையாகத் தெரிகிறதென்று. சராசரி சரியாக இருக்கிறது, சேலை சரியில்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கல்லூரியில் புள்ளியியல் துணைப்பாடம். அதில் கட்டுப்பாட்டு வரைபடம் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. 1924-இல் அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் கொண்டுவந்த முறை. ஐந்தைந்து அளவாக எடுத்து, அதன் சராசரியை வந்த வரிசையிலேயே புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வோர் ஐந்திலும் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம்தான் வீச்சு; அந்த வீச்சுகளின் சராசரியை 0.577-ஆல் பெருக்கி, நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் எல்லை போட வேண்டும். எல்லைக்குள் ஏறி இறங்கினால் அது எந்திரத்தின் இயல்பு. தாண்டினால் ஏதோ ஒரு தனிக் காரணம் இருக்கிறது, போய்த் தேடு. பரீட்சைக்காக நெட்டுருப் போட்டதுதான்.

பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். நூலில் ஆரம்பித்து, ஒவ்வொரு துறையாகப் பின்னால் போய், பஞ்சுத் திரிகளைச் சேர்த்து இழுத்துச் சீராக்கும் மெஷினான டிரா ஃபிரேமில் நின்றேன். அங்கே புள்ளிகள் ரம்பப் பல் மாதிரி இருந்தன. ஒன்று மேலே போனால் அடுத்தது கீழே. பக்கத்தில் பினியன் (திரியின் தடிமனை மாற்ற உதவும் பல்சக்கரம்) மாற்றிய நோட்டை விரித்து ஒப்பிட்டேன். ஸ்லைவரை, அதாவது அந்தப் பஞ்சுத் திரியை, வெட்டி நிறுக்கிறபோதெல்லாம், எடை இம்மி கூடினாலும் குறைந்தாலும் பினியனை மாற்றியிருந்தார்கள். 50 பல் பினியனில் ஒரு பல் மாற்றினாலே எடை 2 சதவீதம் நகரும். தானாகவே அடங்கியிருக்கக்கூடிய ஏற்ற இறக்கத்தை நாமே பெரிதாக்கிக்கொண்டிருந்தோம்.

மாஸ்டரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம். "ரீடிங் தப்பா வருது, கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, பொறுப்பானவர் எவரும் அப்படித்தான் கேட்பார். ஒரே ஒரு மெஷினில் பத்து நாள், எல்லை தாண்டாதவரை பினியனைத் தொட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டேன். சரி என்றார். நாலாம் நாளே ரம்பப் பல் அடங்கத் தொடங்கியது.

ஒன்பதாம் நாள் ஒரு புள்ளி எல்லைக்குக் கீழே வெகுதூரம் விழுந்தது. வழக்கப்படி என்றால் பினியனை மாற்றி அதைச் சரிக்கட்டியிருப்பார்கள். இந்த முறை மாஸ்டரே ஓடினார். எட்டு ஸ்லைவர் சேர்ந்து ஓட வேண்டிய இடத்தில் ஒன்று அறுந்து ஏழுதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி அறுந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய ஸ்டாப் மோஷன் வேலை செய்யவில்லை. எட்டில் ஒன்று போனால் எடையில் 12.5 சதவீதம் போச்சு. இதற்கு முன்னால் எத்தனை தடவை இதைப் பினியனால் மூடி மறைத்திருப்போமோ!

பின்னாளில் கோயம்புத்தூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பிரிவில் பயிற்சிக்குப் போனேன். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அழைத்து, 1947-48-இல் ஷூவார்ட் இந்தியாவுக்கே வந்திருக்கிறார் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு அளவுக்கும் அதன் விலகல் முழுவதையும் திருத்திக்கொண்டே போனால், சிதறல் கிட்டத்தட்ட 1.4 மடங்காகும் என்று அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் காட்டியதையும் படித்தேன். டிரா ஃபிரேமில் கண்ணால் பார்த்தது கணக்காக எதிரில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அக்கா குழந்தையோடு திரும்பி வந்த பிறகும் என்னைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பவில்லை. டெஸ்டிங் ரூமில் இன்னொரு மேசை போட்டார்கள். டிரா ஃபிரேம் ஓட்டிய அண்ணன் ஐந்தாவது வரைதான் படித்தவர். கிராஃப் தாளைத் தன் மெஷினுக்குப் பக்கத்துத் தூணிலேயே ஒட்டச் சொன்னார். மறு வாரத்திலிருந்து, "நீ வர நேரமாகும் தாயி, நானே வச்சிட்டேன்" என்று புள்ளிகளை அவரே வைக்க ஆரம்பித்தார்.