புதுப்பிப்பு: பேஸ் கிட்டார்ல கோரஸ் போட்டா அடிச்சத்தம் (கீழ் சுரம்) காணாம போற பிரச்சன

போன மாசம் கேட்டிருந்தேம்லா, மார்த்தாண்டம் பக்கம் சர்ச்ல பேஸ் வாசிக்கேன், கிட்டார் கோரஸ் பெடல (ஒரு சத்தத்த பலபேரு சேந்து வாசிக்க மாதிரி ஆக்குற கால் பெட்டி) மிதிச்சா கீங்னு ஒரு இரைச்சல், கூடவே லோ ஈ கம்பி (கீழ் சுரத்து தடிச்ச கம்பி) தகரம் தட்டுன மாதிரி ஆவுதுன்னு. பாத்தா ரெண்டும் வேற வேற கேஸ் மக்கா.

இரைச்சலுக்கு பெடல் காரணமே இல்ல. டிஜிட்டல் டிலேயும் (எதிரொலி குடுக்குற பெடல்) கோரஸும் ஒரே அடாப்டர்ல பிரிச்சு ஓடிட்டு இருந்துச்சு, ஒருத்தர் சொன்னாருன்னு கோரஸுக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போட்டேன், அப்பவே அடங்கிட்டு. இதுக்கு ஒரு மாசமா கேபிள மாத்தி மாத்தி குத்திட்டு கிடந்திருக்கேன்.

அடிச்சத்தம் போனதுதான் பெரிய தலவலி. கோரஸ்னா ஒரே சத்தத்த லேசா தள்ளிப்போட்டு, அந்த தள்ளலையும் ஆட்டிக்கிட்டே ஒரிஜினலோட கலக்குறதுதான, அதுல கீழ் சுரம் ஒன்னோடொன்னு மோதி அப்பப்ப வெட்டுப்படும், சுதியும் ஆடுற மாதிரி கேக்கும். நாகர்கோவில்ல ஒரு அண்ணன்ட்ட பாஸ் (Boss) கம்பெனியோட சிஇபி-3ன்னு பேஸுக்குன்னே உள்ள கோரஸ் பெடல் இரவல் வாங்குனேன், அதுல லோ ஃபில்டர்னு ஒரு குமிழ் இருக்கு, அத திருப்புனா அடிச்சத்தத்துல கோரஸ் ஏறாது, மேல மட்டும் மினுங்கும். ரேட்ட (ஆட்டுற வேகம்) நல்லா குறச்சு டெப்த் (ஆட்டுற அளவு) பாதிக்கும் கீழ வச்சேன். ஞாயிறு ஆராதனைல டிரம்ஸ் தம்பி திரும்பிப் பாத்து தலையாட்டுனான்.

இப்ப அண்ணன் பெடல திருப்பிக் கேக்காரு.