‘அரிய தாது’ வேண்டாம், ‘அருமண் எச்சம்’ என்போம்

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சில சத்து மாத்திரைகளிலும் சத்து நீர்களிலும் காணப்படும் லாந்தனம், சீரியம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களை (rare earth elements) நம் கலைச்சொல் பட்டியலில் ‘அரிய தாதுக்கள்’ என்று எழுதலாம் எனப் பேராசிரியர் ஐயா முன்மொழிந்திருக்கிறார். ஐயாவின் தமிழறிவின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. இருந்தும் இந்தச் சொல்லுக்கு என்னால் உடன்பட முடியவில்லை.

நாகர்கோவிலில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ‘தாது’ என்றாலே உடலுக்கு வலு என்றுதான் நம் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தாது புஷ்டி லேகியம் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அதற்கு முன்னால் ‘அரிய’ என்றும் சேர்த்துவிட்டால் விற்கிறவருக்கு வேறு விளம்பரமே தேவையில்லை. ‘70-க்கும் மேற்பட்ட கனிமங்கள்’ என்று பெருமையாக அச்சிட்ட புட்டிகள் சந்தையில் இருக்கின்றன. உடலுக்கு வேண்டிய கனிமங்களை மட்டும் எண்ணினால் அதில் பாதியைக்கூட எட்ட முடியாது. மொத்தம் 17 உள்ள அருமண் தனிமங்கள் போன்றவற்றையும் சேர்த்தால்தான் கணக்கு ஏறும்.

அந்த 17-இல் ஒன்றுகூட மனித உடலுக்கு இன்றியமையாதது என்று நிறுவப்படவில்லை. இவற்றின் அயனிகள் அளவில் கால்சியத்தை ஒத்தவை. குருதியில் கலந்தது கல்லீரலிலும் எலும்பிலும் போய்த் தங்கும். எலும்பில் தங்கியது எளிதில் வெளியேறாது. வாய்வழியாகச் சென்றால் மிகச் சிறு பங்கே குருதியில் சேர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ‘நஞ்சு’ என்று முத்திரை குத்தவும் எனக்கு மனமில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் லாந்தனம் கார்பனேட், உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அதை மென்று தின்ன வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கொடுக்கிறேன். அது மருந்து, அதைக் காட்டிச் சத்து நீர் விற்கக் கூடாது.

இவற்றுக்குக் குளச்சல் அக்கா சொன்ன ‘கதிர்மண்’ அழகான சொல்தான், ஆனால் பொருள் தவறிவிடும். மணவாளக்குறிச்சி மணலில், அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதன் கதிரியக்கத்துக்கு முதன்மைக் காரணம் தோரியம் என்ற தனிமம். தோரியம் அருமண் தனிமங்களில் சேராது.

என் பரிந்துரை ‘அருமண் எச்சம்’. பூச்சிக்கொல்லி எச்சம் என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, உணவில் தங்கிவிட்ட வேண்டாத பொருள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே கலந்திருந்தால் ‘சேர்த்த அருமண்’ என்று வேறாகக் குறிக்கலாம். ‘எச்சம்’ என்றால் பறவை எச்சம் நினைவுக்கு வரும் என்ற தடையை நான் பெரிதாகக் கருதவில்லை. முன்னால் நிற்கும் சொல்லே பொருளைக் காட்டிவிடும்.

பட்டியலில் ஏற்றுவதென்றால் ‘அருமண்ணெச்சம்’ என்று புணர்த்தாமல் பிரித்தே எழுதுங்கள். புட்டியில் வரும் பொடி எழுத்தை முதியவர்களும் படித்தாக வேண்டும்.